ஐந்து பச்சைக் கட்டங்கள்

நான் யாரோடும் சண்டைக்குப் போகிறவன் இல்லை, ஐயா. என்னிடம் உள்ள ஒரே குறை அதுதான் என்று என் மனைவியே சொல்லுவாள்.

உறைய வைத்த மீனும் காய்கறியும் விற்கிற கம்பெனியில், எல்லாத் துறைக் கணக்கையும் ஒத்துப்பார்க்கிற வேலை எனக்கு. அந்த சிஸ்டம் வருவதற்கு முன் நான் பட்ட பாட்டைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். விற்பனைக்காரர் இல்லாத சரக்கை விற்றுவிட்டு வருவார். கிடங்குக்காரர் கையை விரிப்பார். இருக்கிற சரக்கையே கொள்முதல்காரர் மறுபடி வாங்கிப் போடுவார். கணக்குப் பிரிவு எல்லாவற்றையும் கடைசியில் கேள்விப்பட்டு என் மேசைக்கு வந்து கத்தும். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. எனக்கு ஆள்நிர்வாகத்தையும் சேர்த்து ஐந்து பக்கம். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் பேசுவதுகூடக் காதில் ஏறாது, அவ்வளவு அலுப்பு.

பிறகு எல்லாத் துறைகளையும் ஒரே சிஸ்டத்தில் கோத்தார்கள். விற்பனையில் ஒரு ஆர்டரைப் பதிந்தால் கிடங்கில் சரக்கு குறையும், கொள்முதலுக்குச் செய்தி போகும், கணக்கில் பில் விழும். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். சாயங்காலம் என் திரையில் ஐந்து துறைகளின் கட்டங்களும் பச்சையானால், அன்றைய நாளைச் சிஸ்டத்தில் மூடிவிட்டு நான் கிளம்பலாம். முதல் வாரம் அந்த அமைதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குளிரறையும் அதில் சேர்த்தி. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அட்டையைக் காட்ட வேண்டும். ஒரே ஒருவர் உள்ளே இருப்பதாகக் காட்டினாலும் கதவு பூட்டாது, கிடங்கின் கட்டம் பச்சையாகாது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை.

அங்கே சரக்கு அடுக்குகிறவரை ‘நாளைக்கு’ என்றுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் நாளைக்குச் செய்கிறேன் என்பார். தங்கமான மனுஷன். வெளியே வரும்போது அட்டையைக் காட்ட மட்டும் மறந்துவிடுவார். ஆரம்பத்தில் நான் எழுந்து போய்க் குளிரறைக்குள் எட்டிப் பார்ப்பேன். அவர் எப்போதோ பஸ் ஏறியிருப்பார். ஒரு தடவை இதனால் தாமதமாகி, மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மறுநாள் ‘நாளைக்கு’விடம் முறையிட்டேன். “சிஸ்டத்துல நீங்களே என்னை வெளிய போட்டு விட்டுடுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார். அன்றிலிருந்து நானே போட்டேன். எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மாதக் கடைசி. நான்கு கட்டங்கள் பச்சை, கிடங்கு மட்டும் சிவப்பு. வழக்கம்போல அவரை வெளியே போட்டேன். பூட்டு விழுந்தது. அன்றைய நாளை மூடினேன். காலையில் பூட்டு தானாகத் திறந்ததும், கூட்டிப் பெருக்குகிற பெண்தான் அவரை முதலில் பார்த்தது. பூட்டியிருந்தாலும் உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி உடைந்திருந்தது, உண்மைதான். அதை மாற்றச் சொன்ன கோரிக்கை கொள்முதல் ஒப்புதலில் நின்றுபோயிருந்தது. அது வேறு துறை.

சத்தம் கேட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். என் நாற்காலிக்குப் பின்னால் இருப்பதே குளிரறைச் சுவர்தான். நாளை மூடிய கொஞ்ச நேரத்தில் தட்டினார். “அண்ணே” என்று கூப்பிட்டதும் கேட்டது. எழுந்திருக்கத்தான் பார்த்தேன், ஐயா. ஆனால் அந்தப் பூட்டைத் திறக்க மூடிய நாளைத் திறக்க வேண்டும். அதற்கு ஐந்து துறைத் தலைவர்களும் திரும்ப ஒப்புதல் தர வேண்டும். ஐந்து பேருக்கும் போன் போட வேண்டும். இன்னொருவரின் வருகைப் பதிவை நீ ஏன் தொட்டாய் என்று ஐந்து பேரும் கேட்பார்கள். அதை நினைத்தபோதே உடம்பெல்லாம் கனத்துவிட்டது.

குளிரில் கெட்டுவிடும் என்று உள்ளே போகிறவர்கள் தங்கள் கைப்பேசியை என் மேசைத் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். அவருடையது அதில் அடித்தது. அடித்து ஓய்ந்ததும் அலுவலகத் தொலைபேசி அடித்தது. அவர் மனைவி.

“அண்ணா, அவர் கிளம்பிட்டாரா? போனை எடுக்க மாட்டேங்கிறார்.”

திரையைப் பார்த்தேன். “வெளிய போய்ட்டார்னுதான்மா காட்டுது.”

“அங்க என்னண்ணா, யாரோ தட்டுற மாதிரி சத்தம்?”

“மெஷின்மா.”

“சரிண்ணா. நீங்களும் காலாகாலத்துல வீட்டுக்குப் போங்க. எப்பவும் கடைசியா நீங்கதான் கிடந்து கஷ்டப்படறீங்கன்னு அவர் சொல்லிட்டே இருப்பார்.”

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் என்னைப் பற்றி அப்படி நினைக்க வேறு யார் இருந்தார்கள்? காலையில் வந்ததும் தேடாமல் இருக்கட்டும் என்று அவருடைய கைப்பேசியை மேசை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பெண் சொன்னபடியே அன்றைக்குச் சீக்கிரமாக வீட்டுக்குப் போனேன்.