கவிழ்த்த கரண்டி

இந்தக் காப்பி காலையிலேயே போட்டது, மதாம். சூட்டுத் தட்டின் மேல் மூன்று மணி நேரமாவது இருந்திருக்கும். அடியில் லேசாகப் பிடித்துக் கசப்பேறிவிட்டது. உங்கள் ஆட்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நாற்பது வருடம் ருசி பார்ப்பதையே வேலையாகச் செய்தவனுக்கு இதைச் சொல்லாமல் விழுங்க வராது, அவ்வளவுதான்.

நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்து மாதமாக நீங்கள் எங்கள் சமையல்காரி சொலேனைத்தான் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். அந்த வெள்ளிக்கிழமை இரவு சமையலறையை மூடியது அவள். எரிவாயுக் குழாய்களைப் பார்த்துவிட்டுக் கதவோரப் பலகையில் கையெழுத்துப் போட்டதும் அவள். ஆகவே தவறு அவளுடையது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நானும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் படித்த பிறகுதான் வீட்டில் உட்கார முடியாமல் போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எத்தியேன் கர்தெலை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவன் கோழியைச் சாப்பிடுவதற்காகவே பாரிஸிலிருந்து ரயிலேறி வந்து, சோன் ஆற்றைத் திரும்பியும் பார்க்காமல் அடுத்த ரயிலில் போனவர்கள் உண்டு. ஆனால் எனக்கு அவனைப் பதினாறு வயதிலிருந்து தெரியும். லியோனில் ஒரே சமையலறையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே தொட்டியில் வெங்காயம் உரித்தோம். அவனுக்கு வாய் இருந்தது, எனக்கு நாக்கு இருந்தது. அவன் சொந்தமாக உணவகம் திறந்தபோது சாறு வகைகள் எல்லாம் என் பொறுப்பு என்று கூட்டிக்கொண்டு போனான். நானும் ஏன் என்று கேட்காமல் போனேன்.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, விடுமுறை நாள், மலைச் சரிவில் சைக்கிளில் இறங்கும்போது விழுந்து அவனுக்குப் பின்மண்டையில் அடிபட்டது. ஆறு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் போட்டுக் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்தான். கோப்பையைக் கீழே வைத்தான்.

"தியெரி, இது வெறும் சுடுதண்ணியா இருக்குடா" என்றான்.

சுடுதண்ணீர் இல்லை. அது நல்ல காப்பி. மோப்பம் முழுக்கப் போயிருந்தது, மதாம். நாக்கில் உப்பும் இனிப்பும் மட்டும் மங்கலாக மிஞ்சியிருந்தன. பூண்டும் இல்லை, வெண்ணெயும் இல்லை, ஒயினும் இல்லை. லியோன் மருத்துவர் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார். அவன் அன்று என் தோளில் முகத்தை வைத்து அழுதான். மனைவி மர்த்தினிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னான். அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவனுக்கு நாக்கு நான். சமையல்காரர்கள் முன்னால் பேச முடியாதே, அதனால் என் கரண்டியை வைத்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் ருசி பார்த்துவிட்டுக் கரண்டியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் புளிப்பு வேண்டும். இரண்டு தட்டினால் இன்னும் வற்ற வேண்டும். கவிழ்த்து வைத்தால் சரியாக இருக்கிறது, அனுப்பலாம். பிறகு அவன் வந்து தன் கரண்டியை விட்டுக் கண்ணை மூடி ருசிப்பான், தலையசைப்பான், "ஒரு சொட்டு எலுமிச்சை" என்பான். சுற்றி நின்ற பதினாறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அவன் நல்ல நடிகன்.

காலை வேலை ஒன்றும் இருந்தது. அவனுக்கு அவன் குருநாதர் விட்டுப்போன பழைய இரும்பு அடுப்பு. புது அடுப்பு வாங்கச் சொல்லி எல்லாரும் சொல்லியும் கேட்கவில்லை. தினமும் ஆறு மணிக்கு முதல் நெருப்பை அவன் கையால் தீக்குச்சி உரசித்தான் பற்றவைப்பான். அவன் பற்றவைக்கும் முன் வேறு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. விபத்துக்குப் பிறகு அவனுக்கு இருந்த ஒரே பயம் எரிவாயு. கசிந்தால் தெரியாதே. அதனால் நான் மட்டும் முன்னதாக வந்து உள்ளே ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு முற்றத்தில் நிற்பேன். அவன் எதிர்வீட்டிலிருந்து தீப்பெட்டியோடு இறங்கி வருவான்.

"என்னடா மூக்கு, வாசம் எப்படி?" என்பான்.

நான் கரண்டியைக் கவிழ்த்துக் காட்டுவேன். அவன் உள்ளே போவான். என் மூக்கு பெரிசு என்பதால் கேலி செய்கிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பதினொரு வருடம் ஒருநாள்கூட நான் சளி பிடித்துப் படுக்கவில்லை, மதாம். சளி பிடித்தவர்கள் வீட்டுப் பக்கமே போகமாட்டேன். என் தங்கைக்குக் கல்யாணம், அவள் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போகாமல் இருந்தேன். அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

விபத்து நடந்து நான்காம் வருடம் உணவகத்துக்கு மூன்றாவது நட்சத்திரம் வந்தது, அதற்கு மேல் பட்டம் கிடையாது. மேடையில் அவன் ஆற்றுக்கு நன்றி சொன்னான். அம்மாவுக்கு, மர்த்தினுக்கு, கோழி வளர்ப்பவர்களுக்கு, மழைக்குக்கூட நன்றி சொன்னான். நான் கடைசி வரிசையில் நின்று கைதட்டினேன். வருத்தம் எதுவும் இல்லை. ரகசியத்துக்கு மேடையில் எப்படி நன்றி சொல்வது? ஒரு பத்திரிகை, இந்த நாட்டிலேயே மிக நுட்பமான நாக்கு என்று எழுதியிருந்தது. அதை வெட்டி என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். என்னைப் பற்றி வந்த ஒரே செய்தி அது.

சொலேன் போன வருடம் இலையுதிர் காலத்தில் பிரெத்தாஞ் பக்கமிருந்து மீன் சமைக்க வந்தாள். இருபத்தொன்பது வயது. அதிகம் பேசமாட்டாள். கெட்ட பெண் என்று நான் சொல்லவில்லை. மார்ச் மாதம் ஒரு மதிய வேளை, மஞ்சள் ஒயின் ஊற்றிய கோழிச் சாற்றை ருசித்துவிட்டு நான் கரண்டியைக் கவிழ்த்து வைத்தேன். எத்தியேன் கரண்டியைப் பார்த்தான். பிறகு என்னைத் தாண்டி அவளைப் பார்த்தான். அவள் தன் கரண்டியை மேசையில் ஒரு தட்டு தட்டினாள்.

எங்கள் தட்டு அது.

எத்தியேன் எலுமிச்சை பிழிந்தான். நான் மறுபடி ருசி பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, நாக்கு கொஞ்சம் மழுங்கியிருந்தது. அதை எனக்கு முன்னால் அவன் கண்டுபிடித்திருந்தான். அன்று முழுவதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், எலுமிச்சைக்காக இல்லை. அவளிடம் சொல்லிவிட்டான். என் தோளில் அழுதுகொண்டே சொன்னதை அவளிடம் எங்கே வைத்துச் சொன்னான், எப்படிச் சொன்னான், அழுதானா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அழுதிருக்க மாட்டான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டான்.

"உனக்கும் வயசாகுதுடா. சனிக்கிழமையோட சரி, அப்புறம் காலையில வர வேண்டாம். பத்து மணிக்கு நிதானமா வா. இனிமே மூக்கு சொலேன்தான்" என்றான். பிறகு என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான். "கோவமா?"

"கோவம் என்ன கோவம்" என்றேன்.

நிஜமாகவே கோபம் இல்லை. உள்ளே போய்ச் சாயங்காலச் சாற்றை வழக்கம்போலக் காய்ச்சினேன்.

சனிக்கிழமை வழக்கத்தைவிட முன்னால், ஐந்து மணிக்கே வந்தேன். கடைசி நாள் என்பதால் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஜன்னல்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தேன். அடுப்பைத் துடைத்தேன். சொலேன் குழாய்களை நன்றாகத்தான் மூடியிருந்தாள், மதாம். ஒன்றுகூடத் தளர்வில்லை. அவள் கையெழுத்து உண்மையான கையெழுத்து. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆறு மணிக்கு முற்றத்தில் நின்றேன். கதவிடுக்கு வழியாக வாசம் வெளியிலேயே வந்துகொண்டிருந்தது. அழுகிய முட்டைக்கோஸ் போல. தெருவில் போகிற யாருக்கும் தெரிந்திருக்கும். எத்தியேன் இறங்கி வந்தான். மூச்சை நன்றாக இழுத்து விட்டான். அது அவனுக்குப் பழகிப்போன நடிப்பு, யாரும் இல்லாதபோதும் செய்வான்.

"மழை வரும்போல மணக்குது இல்ல?" என்றான்.

"ஆமா" என்றேன்.

தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான். பிறகு சிரித்தான்.

"என்னடா மூக்கு, வாசம் எப்படி?"

நான் கரண்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். முற்றத்தின் கோடியிலுள்ள காய்கறிக் கொட்டகைக்கு நடந்தேன். முட்டைக்கோஸ் கூடைகளின் பின்னால் உட்கார்ந்தேன். இடது காது அன்றிலிருந்து சரியாகக் கேட்பதில்லை. மற்றதெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது. ஐந்து மணிக்குக் குழாய்களைத் திறந்தது நான். நான்கையும் திறந்தேன்.

சவ அடக்கத்தன்று வந்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குச் சாறு காய்ச்சியது நான்தான். மர்த்தின் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ ஒருத்தன்தான் அவருக்குச் சொந்தம் மாதிரி இருந்தாய் என்று அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொன்னேன். இப்போதும் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். அவள் வைக்கும் சூப்பில் உப்பு அதிகம். மெதுவாகத்தான் சொல்வேன்.

அப்புறம்தான் அந்தப் பத்திரிகை. பழி தாங்காமல் சொலேன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "கர்தெலுக்கு மோப்பமே கிடையாது, அவருக்கு நாக்காக இருந்தது நான், என்னை அவ்வளவு நம்பினார், அவர் உயிருக்கு ஆபத்து வரும்படி ஒரு குழாயைத் திறந்து வைப்பேனா?" என்று கேட்டிருந்தாள். கீழே அவள் படம், கையில் கரண்டி. முழுப் பக்கம். நாடு முழுக்க அவளுக்காக அழுகிறார்களாம். என் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. பதினொரு வருடம், மதாம். அவள் நாக்காக இருந்தது இரண்டு மாதம்.

குழாயை அவள் திறக்கவில்லை என்று சொல்வது நியாயம்தான், சொல்லிவிட்டேன். அவளை விட்டுவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவன் நாக்கு அவள் என்று இனி யாரும் எழுதக் கூடாது. அன்று காலை அவளுக்கும் சாவி இருந்தது, தொலைபேசி இருந்தது, அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டான். நான் காட்டியதைப் பார்த்தான். ஒரு நொடிகூட யோசிக்காமல் உள்ளே போனான். கடைசிவரை அவன் நம்பியது என்னை மட்டும்தான். இந்த வரியை மட்டும் மாற்றாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.