மூணாவது வளைவு

— முடியாதுன்னா முடியாது மாப்ளே. வேற ஆளைப் பாக்கச் சொல்லு.

— அட, கடைசி சாம்பியன்ஷிப் மாமா. அடுத்த மாசம் ரேஸ் டிராக்கையே பேத்து எடுத்துட்டு வீடு கட்டப் போறாங்க. முடிவுக் கொடியை நீங்கதான் ஆட்டணும்னு கிளப்புல ஒத்தக் கால்ல நிக்கிறாங்க.

— ஒத்தக் கால்ல நிக்கிறது நீதான்டா. அதுக்குக் காரணம் நான்.

— ஆரம்பிச்சிட்டீங்களா! கம்பு ஊனினாலும் ரெண்டு காலும் என்னோடதுதான். அந்த மிக்சியை அப்புறமாப் பிரிச்சுப் போடுங்க. கெளம்புங்க.

— பைக்கு, காரு, லாரின்னு பத்து சாம்பியன்ஷிப்புக்குக் கொடி ஆட்டினேன் பாரு, அதே மூணாவது வளைவுல நின்னு. ஒரு தடவை கொடி தப்பினதில்லை. பதினோராவதுல முன்னாடி போன கார் சுத்திக் குறுக்கே நின்னுச்சு. மஞ்சக் கொடியைப் பாத்திருந்தா நீ வேகத்தைக் குறைச்சிருப்பே. கொடிக் கம்பு போயி மணல் மூட்டைக்கு நடுவுல சிக்கிக்கிச்சு. உருவி ஆட்டினேன். நீ என்னைத் தாண்டறதுக்கு முன்னாடி ஆட்டினேனா, தாண்டினப்புறமா? பதினோரு வருஷமா தலையைப் பிச்சுக்கறேன்.

— விடுங்க மாமா.

— எப்படி விடறது? விசாரணையில நீ கொடியே தெரியலைன்னு சொன்னே. அப்ப நான் லேட்டுன்னுதானே அர்த்தம்? உங்க அக்கா ரெண்டு வருஷம் சோத்தைப் போட்டா, முகம் குடுத்து ஒரு வார்த்தை பேசலை.

— இப்ப அவளேதான் உங்க வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருக்கா.

— சட்டை கெடக்கு. வலது தோளைத் தூக்கவே வரலை பாரு. கொடியை எங்க ஆட்டறது?

— அட, எடது கையில ஆட்டுங்க. அன்னிக்கும் எடது கையிலதானே ஆட்டினீங்க?

— எடது கையிலயா?

— என்ன மாமா?

— அன்னிக்கு ஒரு நாள்தான்டா எடது கை. வலது கையில வாக்கிடாக்கி இருந்துச்சு. மோதின சத்தம் கேட்டதும் எல்லாத்தையும் கீழ போட்டுட்டு உன்கிட்ட ஓடி வந்தேன்.

— அக்கா சொல்லியிருப்பா...

— அவளுக்குத் தெரியாது. அந்த வளைவுல நான் ஒத்தை ஆள். எந்தக் கைன்னு யார்கிட்டயும் நான் சொன்னதில்லை.

— மாமா...

— சொல்லுடா. முன்னாடியா, அப்புறமா?

— நல்லா முன்னாடியே மாமா. பிரேக்கை மிதிச்சா கப்பு போயிடுமேன்னு நெனச்சேன்.