நாப்பது நிமிஷம் நிக்கிற ஊர்

டிங் டிங்னு கேக்குதே, அம்மாதானே? கரண்டியால கட்டில் கம்பியத் தட்டறாங்களா? எந்திரிக்காத, எந்திரிக்காத. இப்பத்தானே உள்ள போயிட்டு வந்த. ரெண்டு தட்டு தட்டினா தண்ணி, மூணு தட்டினா பக்கம் மாத்திப் படுக்க வெக்கணும், அதானே உங்க ரெண்டு பேருக்குள்ள ஏற்பாடு? இது சும்மா தட்டறது. என் குரல் கேட்டுடுச்சு, அதான். போறப்ப எட்டிப் பாத்துட்டுப் போறேன். உள்ள போனா அந்த வாசன முடியில ஒட்டிக்குது, காலையிலதான் தலைக்குக் குளிச்சேன்.

நீ தை. ராத்திரி பூரா பார்சல் கூடத்துல ஊர் ஊரா பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்க, தூங்கற நேரம், தெரியுது. ஆனா ஞாயித்துக்கிழம விட்டா எனக்கு நேரம் ஏது? கோட்டு நாலும் கொண்டாந்திருக்கேன். உள்பக்கமா ஒரு பை, அதுக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பட்டன். நீதானே பயண நோட்டுல எழுதியிருந்த, கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்துல பாக்கெட் அடிக்கிறவங்க ஜாஸ்தி, பாஸ்போர்ட்ட வெளிப்பையில வெக்காதேன்னு. உங்க அத்தான் அதப் படிச்சிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? உன் தங்கச்சி ஒரு நாட்டையும் பாத்ததில்ல, நாலு நாட்டுத் திருடனுங்களையும் தெரிஞ்சு வெச்சிருக்காளேன்னாரு. எனக்குச் சிரிப்பு அடங்கல.

அஞ்சாவது கோட்டா? உன்னுதுதான் கதவுக்குப் பின்னால தொங்குதே. பழுப்பு. பழைய துணிக்கடையில வாங்கினதுன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்க. உள்துணி நீயே போட்டதா? நல்ல கெட்டியா இருக்கு. பை, பட்டன், எல்லாம் ஏற்கெனவே வெச்சு முடிச்சாச்சு. ஊருக்கு முந்தி உன்னுதத்தான் தச்சிருக்க, ம்? கெட்டிக்காரிதான். பெரியவளோட இந்தச் சாம்பல் கோட்டுதான் மெலிசு. கடையில போட்டுப் பாக்கறப்ப அழகா இருந்துது. பாக்கலாம்.

விசாவா? வந்துடுச்சே. வியாழக்கிழமையே வந்துடுச்சு. உங்க அத்தானுக்கு, எனக்கு, பெரியவளுக்கு, சின்னவளுக்கு. உன்னுது... சொல்றேன் இருடி. எங்க ஓடிப்போகுது? முதல்ல இந்த நோட்டுல எனக்குச் சில சந்தேகம். தச்சுக்கிட்டே சொல்லு.

என்ன கையெழுத்து இது? பார்சல் மேல எழுதற மாதிரி எல்லாம் கொட்ட கொட்டயா. ஆனா வேலைன்னா வேலைதான், ஒத்துக்கறேன். ஒம்பது மாசமா, ராத்திரி டீ குடிக்க விடற இருவது நிமிஷத்துல உக்காந்து எழுதினதா இது? ரயிலெல்லாம் நீல மை, தங்கற இடமெல்லாம் பச்ச மை. நாலு மணிக்கே இருட்டிடும், பாக்கறதெல்லாம் காலையில பாத்துடு. இருவத்துநாலாம் தேதி மத்தியானத்தோட கடையெல்லாம் மூடிடும், முந்தின நாளே ரொட்டி வாங்கி வெச்சுக்கோ. சின்னவளுக்கு ஷூவுக்குள்ள செய்தித்தாள மடிச்சு வை, சில்லுன்னு ஏறாது. எங்க ஆபீஸ்ல இந்த நோட்ட ஒருத்தி பாத்துட்டு, எந்த ஏஜென்ட் போட்டுக் கொடுத்தான், நம்பர் கொடுன்னு பிச்சு எடுத்துட்டா. நானேதான் போட்டேன்னு சொல்லிட்டேன். பின்ன? உன்னப் பத்திச் சொன்னா, தங்கச்சி என்ன பண்றா, ஏன் ராத்திரி வேல, ஏன் கல்யாணம் ஆகலன்னு ஒவ்வொண்ணா தோண்டுவாளுங்க. உனக்குத்தான் அசிங்கம்.

சரி, சந்தேகம் இதுதான். முதல்ல ஸ்ட்ராஸ்பர்க், சரி. மியூனிக், சரி. சால்ஸ்பர்க், சரி. கடைசியில வியன்னா, பிராக், அதுவும் சரி. ஒவ்வொரு ஊருக்கும் பக்கம் பக்கமா எழுதியிருக்க, எந்தக் கோபுரம், எந்தப் பாலம், கக்கூஸ் எங்க இருக்குன்னுகூட விடல. சால்ஸ்பர்க்குக்கும் வியன்னாவுக்கும் நடுவுல ஒரு ஊர் போட்டிருக்க பாரு, வாயில நுழையாத பேரு. இருவத்துநாலாம் தேதி ராத்திரி தங்கல், இருவத்தஞ்சு ராத்திரி தங்கல். ரெண்டு ராத்திரி! பக்கத்துல ஒரு கோபுரம் இல்ல, பாலம் இல்ல. ரெண்டாவது பிளாட்பாரம், சிவப்புத் துண்டுன்னு மட்டும் எழுதி வெச்சிருக்க. உங்க அத்தான் தேடிப் பாத்துட்டாரு. ஒரு மர ஆலையும் ஒரு ரயில்வே ஸ்டேஷனும் தவிர அங்க ஒரு மண்ணும் இல்லியாம்.

அமைதியான ஊரா? அமைதி பாக்கவா அவ்வளவு தூரம் போறது? அமைதிக்கு நம்ம அம்மா ரூம் போதாதா?

அதான் அந்த ரெண்டு ராத்திரிய வெட்டிட்டேன். வியன்னாவுல சேத்தாச்சு. ஆனா ரயில் அங்கதான் மாறணுமாம், நாப்பது நிமிஷம் நிக்கணும். அத மட்டும் விட்டு வெச்சிருக்கேன்.

ஏன் கைய நிறுத்திட்ட? தை தை.

விசா, விசா, விசா. ஒரே பாட்டு. சரி, சொல்லிடறேன், என் மனசுலயும் ஒரு பாரமா இருக்கு. உன்னுதுக்கு நாங்க எழுதிப் போடவே இல்ல. கைரேகை வெக்க நீ நேர்ல வர வேண்டாம்னு சொன்னேனே, அதுவும் பொய்தான். இல்லடி, அவங்க தள்ளல, அவங்க கைக்கே போகல. நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஃபாரம் எங்க வீட்டு மேச டிராயர்லதான் இருக்கு. பாஸ்போர்ட்டும் பத்திரமா இருக்கு, பயப்படாத, திருப்பிக் கொடுத்துடறேன். கோவப்படாம கேளு. பதிமூணு நாள் அம்மாவ யாரு பாத்துக்கறது? நர்ஸா? ஆமா, நீ பேசி வெச்சிருந்த. நல்லவங்கதான். போன வாரமே ஃபோன் பண்ணி வேண்டாம்னுட்டேன். எவளோ ஒருத்தி வந்து அம்மாவப் புரட்டிப் போடறதா? பெத்தவங்கள அப்படி விட்டுட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்துது? நான் போறேன்னா, நான் எப்பவுமே இங்க இல்லாதவ, அம்மாவுக்குப் பழகிடுச்சு. நீ அப்படியா?

முன்னாடியே சொல்லியிருக்கலாமா? சொல்லியிருந்தா இந்த நோட்ட இவ்வளவு மனசு வெச்சுப் போட்டிருப்பியா? நீயே சொல்லு. நியாயமாச் சொல்லு.

அழாத. நாப்பத்தாறு வயசு, அழுதா நல்லாவா இருக்கு? மூக்குத் தண்ணி கோட்டுல விழப்போகுது.

அம்மா மட்டும் காரணம்னா, சத்தியமா, ஏதாவது வழி பண்ணியிருப்பேன். எனக்கு என்ன, நீ வந்தா எனக்குத்தானே சௌகரியம், பிள்ளைங்களப் பாத்துக்குவ, பெட்டி தூக்குவ. ஆனா நீ திரும்பி வரமாட்டியே. என்ன என்ன? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஆகஸ்ட்ல உனக்கு நெஞ்சுல சளின்னு ரெண்டு நாள் வந்து நான் இங்க இருந்தேனே, அப்ப அம்மா கட்டிலுக்கு அடியில பழைய துணி தேடினேன். பிஸ்கட் டப்பாவுல ஒம்பது கிறிஸ்துமஸ் கார்டு. வருஷத்துக்கு ஒண்ணு. எல்லாம் அந்த வாயில நுழையாத ஊர்ல இருந்து.

படிச்சேன். ஏன் படிக்கக் கூடாது? உன் கூடப்பொறந்தவதானே.

விலாசம் கிழிஞ்சு, வழி தப்பி இங்க வந்து, யாருக்குன்னே தெரியாமக் கெடந்த ஒரு பொட்டலம். நீ ராவெல்லாம் தேடி, ஊரக் கண்டுபிடிச்சு, புதுசா எழுதி ஒட்டி அனுப்பியிருக்க. உள்ள ஒரு ஜோடி கையுறையாம், அத வாங்கினவனோட செத்துப்போன அம்மா பின்னினதாம். அந்த ஆளு உங்க பார்சல் கூடத்துக்கே நன்றி எழுதியிருக்கான், இத ஒட்டினவருக்குன்னு போட்டு. அதுல ஆரம்பிச்சது. அவனும் ராத்திரி வேலைக்காரன், ஸ்டேஷன்ல சிக்னல் பாக்கறவன். நல்ல பொருத்தம், ரெண்டு ஆந்தை. உன் இங்கிலீஷ் ஒரு நொண்டி, அவன் இங்கிலீஷ் ஒரு நொண்டி, ஒருத்தர் தோள ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ஒம்பது வருஷம் நடந்திருக்கீங்க! கடைசி கார்டுல என்ன எழுதியிருந்தான்? மாடியில ஒரு அறை காலியா இருக்கு, சன்னல தெறந்தா தண்டவாளம் தெரியும், பிடிச்சா இரு, பிடிக்கலன்னா போ. வெள்ளையடிச்சு வெச்சிருக்கேன்.

இதப் படிச்சிட்டு நான் உனக்கு விசா எடுத்துக் கொடுக்கணுமா?

அப்புறம் உக்காந்து யோசிச்சேன். நீ வரலன்னா அவன் சும்மா இருப்பானா? அடுத்த வருஷம் வான்னு எழுதுவான். உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு எழுதலாம்னு பாத்தேன். பெரியவதான் சொன்னா, கல்யாணம்னா வாழ்த்து அனுப்புவாரும்மா, அப்புறமும் வருஷா வருஷம் கார்டு வரும்னு. அவளுக்கு மூள ஜாஸ்தி. செத்தவங்களுக்குத்தான் யாரும் கார்டு அனுப்ப மாட்டாங்க.

ஆமா. எழுதிட்டேன். என் தங்கச்சி செத்துட்டான்னு. ஆகஸ்ட்ல, நெஞ்சுல சளி கட்டின்னு. நீ ஆகஸ்ட்ல இருமினது நிஜம்தானே, முழுப் பொய்யின்னு சொல்ல முடியாது. பெரியவ ஃபோன்லயே அவன் பாஷையில மாத்திக் கொடுத்தா, ரெண்டு நிமிஷம். மெயில் விலாசம் கார்டு பின்னாலயே இருந்துது.

விரல்ல குத்திக்கிட்டியா? சூப்பு சூப்பு. ரத்தம் துணியில படாமப் பாரு, அது வெளிர் நெறம், போகவே போகாது.

எப்படிப் பாக்கற பாரு, கொன்ன மாதிரி. நீ வேணும்னா இன்னிக்கே அவனுக்கு எழுது, நான் கையப் பிடிச்சேனா? ஆனா என்ன எழுதுவ? எங்க அக்கா பொய் சொன்னான்னா? எங்க அக்கா பொண்ணு கூடச் சேந்து எழுதினான்னா? நீ எழுத மாட்ட. சின்ன வயசுல உன் காலுல கொதிக்கிற தண்ணிய நான் கொட்டினப்பவே, நானே கொட்டிக்கிட்டேன்னுதானே அப்பாகிட்ட சொன்ன? வெளி ஆளுகிட்ட அக்காவ விட்டுக் கொடுக்கறவளா நீ? அந்த ஒரு குணத்துக்காகவே உன்ன எனக்குப் பிடிக்கும்.

பதில் வந்துது. மறுநாளே. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, பொய் சொல்லல. நாங்க அந்த வழியா வர்றோம்னு மரியாதைக்கு ஒரு வரி எழுதியிருந்தேன். அவ வர்றதா இருந்த அதே ரயில்ல நீங்க வந்தா, அதே பிளாட்பாரத்துல அதே சிவப்புத் துண்டோட நிக்கறேன், அவ பொருள் ஏதாவது ஒண்ணு கொடுக்க முடியுமான்னு கேட்டிருக்கான். பாவம்தான். அதோட, அன்னிக்கு எல்லாக் கடையும் மூடியிருக்கும்னு நீயே எழுதியிருக்கியே, அவன் வீட்டுல இருந்து சூடா சாப்பாடு கொண்டாறானாம், நாலு பேருக்கும். வேண்டாம்னா சொல்றது?

அதனாலதான் இன்னிக்கு வந்தேன். கோட்டுக்குப் பை நாளைக்குக்கூடத் தச்சுக்கலாம்.

அந்தப் பழுப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு வருவேன்னு நீ அவனுக்கு எழுதியிருக்க போல, அவன் பதில்ல அதுவும் இருந்துது. இதுல பெரியவளுக்கு இந்தச் சாம்பல் கோட்டு மெலிசு வேற. அவ உன்னுதப் போட்டுக்கிட்டு இறங்கினா அவனுக்கும் தேடற வேல இல்ல, அவளுக்கும் குளிராது. உனக்கு எதுக்கு, இங்க வீட்டுக்கும் பார்சல் கூடத்துக்கும் போக? ஆனா கோட்டையே கொடுத்துட்டு வர முடியாது, மிச்ச நாளைக்கு அவ எதப் போட்டுக்குவா? ஒரு பட்டன் கொடுத்தாப் போதும்ல? மேல இருந்து ரெண்டாவது. அத வெட்டி எடுத்து ஒரு காகிதத்துல மடிச்சுக் கொடு. அந்த எடத்துல வேற ஒண்ணு தச்சுடு, ஓட்டையாத் தெரியக் கூடாது.

எங்க எந்திரிச்சுப் போற? ஏய்.

ஓ, கோட்ட எடுக்கவா.

அதானே. என் தங்கச்சிய எனக்குத் தெரியாதா. இந்தா கத்தரி. நூல மட்டும் வெட்டு, துணியில படாம. வெளிச்சம் போதுமா? சன்னல் பக்கம் திரும்பி உக்காரு. கேக்குதா, அம்மா மறுபடி தட்டறாங்க. எத்தன, ரெண்டா மூணா? மூணு. இருக்கட்டும், இத முடிச்சிட்டுப் போ, ஒரு பக்கமாவே கொஞ்ச நேரம் கெடந்தா என்ன. பழுப்பு நூல் இருக்கா உங்கிட்ட?

ம். கோத்துட்டியே.