மலைக்காட்டை என் தம்பிக்கு எழுதிக்கொடுத்தேன்

எனக்குப் படிவங்கள் நிரப்பப் பிடிக்கும். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். கல்லூரி உதவித்தொகைக்கான படிவத்தையும் அப்படித்தான் நிரப்பினேன், விசாரணை அதிகாரி ஐயா. அதில் ஒரு பொய்கூட இல்லை.

பதினெட்டு வருடம் பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவினேன். வாரம் தவறாமல் என் மகன் கோரியின் பெயரில் பணம் போட்டேன். அவன் பெயரில் போட்டதுதான் என் தப்பாம். பெற்றோர் பெயரில் இருக்கும் சேமிப்பில் நூற்றுக்கு ஐந்தாறு டாலர்தான் படிப்புக்கு என்று கணக்கில் எடுப்பார்கள். பிள்ளை பெயரில் இருந்தால் இருபது. அதோடு அப்பா எனக்கு எழுதிவைத்த மலைக்காடு, தொண்ணூறு ஏக்கர், மூன்று லட்சம் டாலர் பெறும். அதையும் மறைக்காமல் எழுதினேன். கோரிக்கு உதவி கிடையாது என்று பதில் வந்தது.

என் தம்பி டூவெய்னின் மகள் மார்லியும் அதே கல்லூரியில்தான் சேர்ந்தாள். டூவெய்ன் என்னைவிட இரண்டு மடங்கு சம்பாதித்தான். கையில் வந்ததை வீட்டுக்கடனை அடைக்கவும் ஓய்வூதியக் கணக்கில் போடவும் செலவழித்தான். மிச்சத்துக்குப் படகு. குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியப் பணத்தையும் அந்தப் படிவம் கேட்பதேயில்லை. மார்லிக்கு ஏறக்குறைய முழுத்தொகையும் கிடைத்தது.

நன்றித் திருநாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே அவன் சொன்னான்: "சேத்து வெச்சவதான்க்கா மாட்டுவா. பேசாம நீயும் ஒரு படகு வாங்கியிருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மார்லி மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, போதும்," என்றாள். நல்ல பெண். அதை நான் என்றும் மறுத்ததில்லை.

அந்தச் சிரிப்பை மூன்று மாதம் வயிற்றில் வைத்திருந்தேன். பிறகு பதிவு அலுவலகத்துக்குப் போய் மலைக்காட்டை டூவெய்ன் பெயருக்கு மாற்றினேன். கொடுப்பவர் கையெழுத்து போதும். அவனிடம் சொல்லவில்லை. இரண்டாம் வருடப் படிவத்தில் அவன் கையெழுத்துப் போடுவதற்கு எட்டு நாள் முன்பு அது. கையெழுத்திடும் நாளில் யார் பெயரில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. என் படிவத்தில் இப்போது நிலம் இல்லை. கோரிக்கு உதவி வந்தது.

அடுத்து நூலகத்துக்குப் போய்ப் பெயர் போடாத ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து கல்லூரிக்கு அனுப்பினேன். இன்னார் தொண்ணூறு ஏக்கரை மறைத்திருக்கிறார் என்று.

மார்லியின் உதவித்தொகையை ரத்து செய்துவிட்டார்கள் என்று டூவெய்ன் வெளுத்த முகத்தோடு வந்தான். கோரிக்கு உதவி கிடைக்க நிலம் என் பெயரில் இருக்கக்கூடாது என்பதற்காக உன் பெயருக்கு மாற்றினேன், கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம் என்றிருந்தேன் என்றேன். நம்பினான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழக்கூடச் செய்தான். எந்தப் பாவி எழுதிப்போட்டான் என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. கல்லூரியில் போய் விளக்கினான். மறைத்தவர் எல்லோரும் தெரியாது என்றுதான் சொல்வார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"திரும்ப எடுத்துக்கக்கா. அடுத்த வருசமாவது புள்ளை படிக்கட்டும்," என்றான்.

"குடுத்ததை வாங்குற பழக்கம் எனக்கில்லடா," என்றேன்.

விற்கப் பார்த்தான். செங்குத்தான மலைக்காட்டை அவசரத்துக்கு யார் வாங்குவார்கள்? ஓய்வூதியப் பணத்தைத் தொட்டால் அபராதம், வரி. மார்லி அதைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, படிப்பை நிறுத்தி, சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு ஆட்கள் வேலையை ஒருத்தி பார்த்தாள். நவம்பரில் ஒரு காலை, இரவு வேலை முடிந்து காரோட்டி வரும்போது கண்ணயர்ந்து, எதிரே மரம் ஏற்றி வந்த லாரிக்குள் போய்விட்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

சவ அடக்கத்துக்கு நான் உருளைக்கிழங்கு சாலட் செய்துகொண்டு போனேன். டூவெய்ன் என் தோளில் சாய்ந்து நின்றான். அசையாமல் நின்றுகொண்டேன்.

கடிதத்தின் நகலை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது கோரிதான் என்று தெரியும். நூலகத்தில் தட்டச்சு செய்ததை என் கணினியிலும் சேமித்து வைத்திருந்தேன், அதைப் பார்த்திருக்கிறான். அன்றே கல்லூரியை விட்டும் என் வீட்டை விட்டும் போய்விட்டான். யாருக்காக இதையெல்லாம் செய்தேன் என்பது அவனுக்கு ஒரு நாள் புரியும்.

ஆம், கடிதம் நான் எழுதியது. நிலத்தை மாற்றிய தேதியைப் பார்த்துப் பார்த்துக் குறித்ததும் நான்தான். மார்லியின் படிப்பு நிற்கும் என்று தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டூவெய்னிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லும்போது, நிலத்தை மட்டும் அக்கா மனதாரத்தான் கொடுத்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.