கிளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து வந்தவர்

கள்ளக்குறிச்சியில் மதியக் காட்சி பார்த்துவிட்டு, கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இருந்தவர் தன் பக்கத்து ஆளிடம் திடீரென்று கேட்டார்.

“அண்ணே, தியேட்டர்லேர்ந்துதான வரீங்க? படத்துல ஜெயில்லேர்ந்து வந்தவன் கடைசில மறுபடியும் திருடப் போனானா?”

“ஏம்பா, நீ பாக்கலயா?”

“கூட்டாளி வந்து கூப்புடற எடத்துலயே எந்திரிச்சி வந்து பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினேன். பயமாய்டுச்சி. நானும் மலையில சாராயம் காய்ச்சி உள்ள போய்ட்டு வந்தவன்தான். வூட்ல சேத்துக்கல, தனியாதான் கீறேன். பழைய ஆளு, நாளைக்கு மலைக்கு வான்னு கூப்புட்டுக்கினே கீறான்.”

பக்கத்து ஆள் அவர் பக்கம் திரும்பினார்.

“போவலப்பா. கடைசி வரைக்கும் அவன் போவல.”

“நெசமாவா?”

“நெசமாதான்.”

அதே படத்தைத்தான் நானும் பார்த்திருந்தேன். படத்தில் அவன் போகிறான், போய் மாட்டிக்கொள்கிறான்.

கேட்டவர் போனை எடுத்து அந்தப் பழைய ஆளைக் கூப்பிட்டு, “நான் வரல. இனிமே கூப்புடாத,” என்று சொல்லி வைத்தார்.

“நல்லது பண்ணுனப்பா,” என்றார் பக்கத்து ஆள்.

“எனக்கு போன் பண்றது அவன் ஒருத்தன்தாண்ணே,” என்றார் அவர்.