மேற்கு மதில் காவல்காரருக்குச் சேர வேண்டிய மாவு

வர்ஜீனியா குடியேற்றம், வில்லோ முனைக் கோட்டை. 1610ஆம் வருடம், பிப்ரவரி மாதம். கோட்டைத் தலைவர் ஆம்ப்ரோஸ் தர்க்கெல் முன்னிலையில் எழுத்தர் பதிவு செய்தது.

என் பெயர் ஜிலியன் டக்கெட். வயது முப்பத்து நான்கு. கணவர் பெயர் ஹம்ஃப்ரி டக்கெட். சொந்த ஊர் இங்கிலாந்து தேசம், டெவன் சீமை, பிடெஃபர்ட். தற்போது மேற்படி கோட்டையில் மேற்கு மதிலை ஒட்டிய குடிசையில் என் மகள் ஆவிஸுடன் குடியிருந்து, சிப்பாய்களின் துணி வெளுத்து வருகிறேன். ஆவிஸுக்கு ஒன்பது வயது. அவளுக்கு மூத்தவன் கப்பலில் வரும்போதே இறந்துபோனான்.

என் கணவர் ஊரில் பீப்பாய் செய்து வந்தவர். போன கோடையில் நாங்கள் இங்கே வந்து இறங்கினோம். அந்தச் சமயத்தில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் இந்த மண்ணின் பூர்வ ஊர்க்காரர்கள் சோளம் கொண்டு வந்து கொடுத்து, செம்பும் கோடரியும் வாங்கிக்கொண்டு போவார்கள். அறுவடைக்குப் பிறகு நம் ஆட்கள் போய் அவர்களுடைய சோளத்தை அள்ளிக்கொண்டு வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அதன் பிறகு அங்கிருந்து சோளம் வரவில்லை, அம்புதான் வந்தது. இது வழக்குக்கு வேண்டாம் என்று எழுத்தர் சொன்னார். பசி எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மற்றதை எப்படிச் சொல்வது என்று நான் கேட்டதால் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு குளிர் வந்தது, சாவும் வந்தது, மதிலில் நிற்க ஆள் குறைந்தது. எழுந்து நிற்க முடியாத நோயாளிகளையும் காவல் மேடையில் உட்கார வைக்க வேண்டும், தலையில் இரும்புத் தொப்பியும் மடியில் துப்பாக்கியும் கையில் அந்தத் துப்பாக்கியைப் பற்ற வைக்கும் திரிக்கயிறு அணையாமல் கனன்றபடியும் இருக்க வேண்டும், அக்கரையிலிருந்து எண்ணிப் பார்ப்பவனுக்கு ஆள் குறையாமல் தெரிய வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டார். காவலில் இருப்பவருக்குத் தினம் ஒரு குவளை மாவு. மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

என் கணவருக்கு ரத்தக் கடுப்பு. தினமும் விடிந்ததும் நானே அவரை முதுகில் சுமந்து ஏணி ஏறி மேடையில் உட்கார வைப்பேன். நனைந்த கம்பளியைவிடக் கனம் குறைவாக இருந்தார். கம்பளி சுமந்து பழகியவள் ஆனதால் எனக்குத் தெரியும். மேடை மேடையாக ஆள் கேட்டு வரும்போது பதில் குரல் கொடுக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. கார்ப்பரல் ஜைல்ஸ் பாம்ஃப்ரிதான், "கத்த வேணாம் விடு. திரியில கனல் தெரிஞ்சா ஆள் இருக்கான்னு எடுத்துக்கிறேன்" என்று சொன்னார். இதை அவர் இப்போது மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அந்த ஒரு குவளையைக் கூழாகக் காய்ச்சி மூன்று பேரும் குடித்தோம். மூன்று பேர் என்பது பேச்சுக்கு. நான் கொண்டுபோகும் போதெல்லாம், "பாப்பாவுக்குக் குடு ஜில். எனக்குப் பசியே இல்ல" என்பார். அவருக்குப் பொய் சொல்ல வராது, இந்த ஒன்றைத் தவிர.

ஒரு நாள் மதியம் கூழோடு ஏறினேன். உட்கார்ந்த வாக்கில் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். திரி எரிந்து எரிந்து விரல் வரை வந்திருந்தது. விரல் கருகியும் கையை உதறவில்லை. அதிலிருந்துதான் அவர் இறந்துபோனது எனக்குத் தெரிந்தது. கீழே கார்ப்பரல் அடுத்த மேடையில் ஆள் கேட்டுக்கொண்டு வருவது காதில் விழுந்தது. அதன் பிறகு நான் புதுத் திரியைப் பழைய கனலில் பற்ற வைத்து அவர் விரலில் சுற்றினேன். தலை சாயாமல் இருக்கத் தொப்பியின் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டி, வாரின் நுனியைப் பின்னால் மேடைத் தூணில் முடிந்தேன். கார்ப்பரல் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். நான் இறங்கிப் போய் மாவு வாங்கினேன்.

அன்றைக்கு ஆவிஸ், "அப்பா ஏம்மா கீழ வரல?" என்று கேட்டாள். "அப்பாவுக்கு விடாம காவல் போட்டுட்டாங்க. நீ குடி" என்றேன். "இது அப்பா பங்காம்மா?" என்றாள். "அப்பா குடுத்ததுதான்" என்றேன். அது பொய் இல்லை.

குளிர் கடுமையாக இருந்ததால் உடம்பு கெடவில்லை. திரி தீரும் போதெல்லாம் ஏறி மாற்றினேன். துணை யாரும் இல்லை. மகளுக்கும் தெரியாது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கமாக ஆராதனை கோயிலுக்குள் நடக்கும், அங்கிருந்து மதில் தெரியாது. கோயில் பலகைகளை அந்த வாரம் விறகுக்கு எடுத்துவிட்டதால் முற்றத்தில் நடத்தினார்கள். முரசு அடித்ததும் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள், மேடையில் இருந்த நோயாளிகளும் கழற்றினார்கள். என் கணவர் மட்டும் கழற்றவில்லை. எனக்கு இது முன்கூட்டித் தோன்றவில்லை. கார்ப்பரல், "யோவ் டக்கெட், கடவுளுக்குக்கூடத் தொப்பிய எடுக்க மாட்டியா? தூங்குறியா?" என்று சத்தம் போட்டு, ஏணி ஏறக் கை வேண்டித் தன் தொப்பியைத் திரும்பத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினார். காவலில் தூங்கினால் தூக்கு. நான் பின்னாலேயே ஓடி, "ஐயா, அவர் தூங்கல" என்றேன். அவர் கோலால் தொப்பியைத் தட்டினார். தொப்பி அசையவில்லை, தலையும் அசையவில்லை. கார்ப்பரல் தன் தொப்பியைக் கழற்றினார். ஆவிஸ் ஏணிக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் அவரை இறக்கப் போனேன். அப்போது கோட்டைத் தலைவராகிய தாங்கள், "இறக்க வேணாம். அக்கரைல பார்த்துக்கிட்டு இருக்கானுங்க. அப்படியே இருக்கட்டும், திரி மட்டும் அணையக் கூடாது" என்று சொன்னீர்கள். தாங்கள் சொன்ன அதே வார்த்தைகள் இவை. எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். மறுநாள் மாவுக்குப் போனதற்குக் களஞ்சியக்காரர், "செத்தவனுக்கு ஏதும்மா மாவு?" என்று குவளையைத் திருப்பிக் கொடுத்தார்.

இறந்தவர் பங்கை வாங்கியதால் களஞ்சியத்தில் திருடியதாக என்மேல் குற்றம். வாங்கியது உண்மை. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். என் கணவர் செத்தவர் என்றால் அவரை இறக்கிக் கொடுங்கள், தரை எவ்வளவு இறுகியிருந்தாலும் தோண்டிப் புதைக்கிறேன். காவலில் இருக்கிறார் என்றால், இன்று காலையும் அவர் காவலில்தான் இருக்கிறார், அவருடைய குவளையை என் மகள் கையில் கொடுங்கள். என்னைக் கட்டிப்போட்ட நேரம் முதல் மேடையில் திரி மாற்றுவது அவள்தான். நேற்றிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் நான் என் வாயால் சொன்னது. எழுத்தர் வாசித்தார், கேட்டேன். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடத் தெரியாது. கைக்கட்டை அவிழ்த்துவிட்டதும் குறி போடுகிறேன்.

X

ஜிலியன் டக்கெட், மேற்கு மதில் காவல்காரர் மனைவி