தேதி போடாத கட்டம்

முட்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பஸ். மாதா கோயில் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னாள்:

"ஊரு மொத்தப் பேரும் உள்ள எக்ஸெல்ல செத்தவிய பட்டியல் எடுத்தா, எங்க அண்ணன் பேரு வரல்ல மக்கா."

"ஏட்டி, ஃபில்டர் ஒழுங்கா போட்டியா? அண்ணைக்கு பாதி ஊரையே காணாம ஆக்குனவதானே நீ!"

"இறந்த தேதி உள்ளவியள மட்டுந்தான் எடுத்தேன். கல்லறைத் திருநாள் பூசையில பேரு வாசிக்கணும்லா."

"பின்ன என்னவாம்?"

"அண்ணன் பெஞ்சாதி, எங்க மைனி எழுதித் தந்த தாள்ல அண்ணனுக்குத் தேதி இல்ல. கடலுக்குப் போன ஆளு, உடம்பே கெடைக்கல்ல, எந்தத் தேதிய எழுதன்னு கேக்கா."

தோழி மெதுவாக, "தேதி போடாத கட்டத்தையும் டிக் பண்ணிப் பாரேன், பேரு வரும்" என்றாள்.

"பாத்தேன். ஊருல உயிரோட இருக்கவிய எல்லாரும் வந்தாவ. அவிய நடுவுல அண்ணனும் நின்னான். அப்படியே சேவ் பண்ணிட்டு வந்துட்டேன்."